பால் அடுப்புக்கு ரசமட்டம் வைத்த கதை

தொழிலாளர் சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கக் காரியதரிசி என் வீட்டுக்கு வந்தார். தலைப்பையும் அவரே கொண்டுவந்திருந்தார்: ‘வீட்டு ரிப்பேர் வேலையில் ரசமட்டத்தைக் கையாள்வது எப்படி?’ சுருக்கமாக, பாயிண்டு பாயிண்டாக இருக்க வேண்டுமாம். பாயிண்டு பாயிண்டாகப் பேச நான் என்ன வக்கீலா? முடியாது என்று சொல்லி அனுப்பிவிடத்தான் இருந்தேன். அதற்குள் அந்த மனிதர் பையிலிருந்து புத்தம்புது அலுமினிய மட்டம் ஒன்றை எடுத்து என் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். தலையைப் பக்கவாட்டில் சாய்த்து ஒரு பார்வை பார்த்தார். "மேஜை நேரா இருக்குண்ணே" என்றார். மட்டத்தைத் திருப்பி வைத்துப் பார்க்கவில்லை. கண்ணைக் குமிழிக்கு நேர் மேலே கொண்டுபோகவில்லை. மேஜையைத் துடைக்கக்கூட இல்லை. மட்டத்துக்கு அடியில் ஒரு சோற்றுப் பருக்கை நசுங்கிக் கிடந்தது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ரசமட்டம் என்பது ஒரு நீளக் கட்டை. அதன் நடுவில் கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் சாராயம், சாராயத்துக்குள் ஒரு காற்றுக் குமிழி. வைத்த இடம் சமமாக இருந்தால் குமிழி இரண்டு கோடுகளுக்கு நடுவில் வந்து நிற்கும். இல்லாவிட்டால் மேடான பக்கம் ஓடும். மேடான பக்கம், கவனியுங்கள். பள்ளத்துப் பக்கம் ஓடும் என்று நினைத்துக்கொண்டு குளியலறைத் தரை போட்டவர்களை எனக்குத் தெரியும். அந்த வீடுகளில் குளித்த தண்ணீர் இன்றைக்கும் கூடத்துக்கு வந்து எல்லோரையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் போகிறது.

நான் தொழிலுக்கு வந்த கதையை நீட்டப் போவதில்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன், வழியெல்லாம் வாந்தி எடுத்தேன், பினாங்கில் இறங்கினேன். கொஞ்ச காலம் சுண்ணாம்பு குழைத்தேன், கொஞ்ச காலம் செங்கல் சுமந்தேன். கொத்து வேலையும் தச்சு வேலையும் கைக்கு வந்தபிறகு, வீட்டு ரிப்பேர் எடுத்துச் செய்யும் ஒரு சின்ன காண்டிராக்டரிடம் மேஸ்திரியாகச் சேர்ந்தேன். ஒழுகுகிற கூரை, தரையில் உரசுகிற கதவு, ஆடுகிற படிக்கட்டு எல்லாம் எங்கள் தலையில்தான் விடியும். அங்கே எனக்கு மேலே இருந்தவர் ஓவர்சியர் அந்தோணிசாமி.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். ஒல்லி மனிதர், எந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்ற மாட்டார். கோட்டுக்குள் ரசமட்டத்துக்கென்றே தைத்த நீளப் பை ஒன்று இருந்தது. அதை ஃபிளானல் துணியில் சுற்றி வைத்திருப்பார். குமிழியை ‘அது’ என்று ஒருநாளும் சொன்னதில்லை, ‘அவரு’தான். மட்டத்தை வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு, "வர்றாரு... வர்றாரு... அவசரப்படுத்தாதே... ம், உக்காந்துட்டாரு" என்பார். உட்கார்ந்ததும் வேலை முடிந்ததா என்றால் இல்லை. கட்டையின் இரு முனையையும் இடம் மாற்றித் திருப்பி, அதே இடத்தில் மறுபடி வைப்பார். இரண்டு தடவையும் குமிழி ஒரே பக்கம் ஓடினால் தரை கோணல். திருப்பியதும் குமிழியும் பக்கம் மாறினால் மட்டமே கோணல். இதைப் பார்த்தபிறகுதான் குறுக்கே வைத்துப் பார்ப்பார். டீக்கடையிலும் இதே கூத்துதான். மேஜையில் மட்டம் வைத்து, காலுக்கு அடியில் தீப்பெட்டி அட்டையை மடித்துச் செருகி, மறுபடி பார்த்து, "இப்பக் கொண்டா லா" என்று பினாங்குப் பேச்சு ‘லா’வோடு குரல் கொடுப்பார். அதற்குள் டீ ஆறிப்போயிருக்கும்.

அவருடைய மாமனார் இறந்தபோது நானும் போயிருந்தேன். கூடத்தில் இரண்டு முக்காலிமேல் சவப்பெட்டி. ஜனங்கள் முழங்காலில் நின்று ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தோணிசாமி பெட்டியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பகீரென்றது. நினைத்தது போலவே கை கோட்டுக்குள் போயிற்று. மட்டத்தை எடுத்துப் பெட்டிமேல் வைத்தார், திருப்பி வைத்தார், என் காதில் குனிந்து சொன்னார்:

"மாணிக்கம், மாமா கால்மாட்டுல இறங்கியிருக்காரு. ஆப்பு இருக்கா?"

அவர் மனைவி ஜெபமாலையை உருட்டுவதை நிறுத்தாமலேயே, "உயிரோட இருந்தப்ப எங்கப்பாவை ஒரு பக்கமும் அசைக்க முடியலை, இப்பத் தூக்கி நிறுத்தப் பாக்கிறீங்களா?" என்றார். நான் ஆப்பைச் செருகினேன். ஜெபம் சொன்னவர்கள் இதையும் ஏதோ பெரிய இடத்துச் சடங்கு என்று நினைத்துவிட்டார்கள் போலும். அடுத்த சாவு வீட்டில் ஒரு பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மட்டம் எப்போது வைப்பார்கள் என்று பவ்யமாகக் கேட்டார்.

இன்னொன்று பினாங்கின் டத்தோ கிராமாட் பகுதியில் நடந்தது. வாத்தியார் ஒருவருடைய மனைவி, கண்ணாடிச் சாமான் வைக்கச் சுவரில் ஒரு பலகை அடிக்கச் சொன்னார். அடித்தோம். குமிழி நடுவில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. ஆனால் வீடு பழசு. உத்தரமும் ஜன்னலும் ஒரு பக்கமாக இறங்கியிருந்தன. அவற்றுக்கு நடுவில் எங்கள் பலகை மட்டும் நட்டுக்கொண்டு நின்றது.

"கோணலா இருக்கே" என்றார் அந்த அம்மாள்.

"பலகை சரியாத்தாம்மா இருக்கு. உங்க வீடுதான் கோணல். வீட்டைத் தூக்கி நிறுத்திட்டா எல்லாம் பொருந்திடும்" என்றார் அந்தோணிசாமி. கேலி இல்லை, எந்தெந்தத் தூணுக்கு முட்டுக்கொடுக்க வேண்டும் என்று பார்க்க உடனே கிளம்பியும்விட்டார்.

"நான் கேட்டது ஒரு பலகைங்க!"

அவர் வீட்டைச் சுற்றிவரும் நேரத்தில் நான் பலகையைக் கழற்றி ஜன்னலுக்கு ஒத்தாற்போல் அடித்துவிட்டேன். கண்ணாடிக் கிண்ணம் உருளாத அளவுக்குத்தான் சாய்த்தேன். அந்த அம்மாள் காப்பி கொடுத்தார். பழைய வீட்டில் வேலை செய்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: குமிழி சம்மதித்தால் மட்டும் போதாது, குடியிருப்பவர் கண்ணும் சம்மதிக்க வேண்டும்.

இனி, எங்களைப் பாடாய்ப் படுத்திய வேலைக்கு வருகிறேன்.

சுங்கை பினாங்கில் அண்ணன் தம்பி இரண்டு பேர், வைரவன், செல்லையா என்று. சேர்ந்து மாடு வளர்த்து வீடு வீடாகப் பால் ஊற்றியவர்கள். ஆற்றோரச் சேற்றில் கட்டைக் கால் ஊன்றிய பலகை வீடு. ஒட்டினாற்போல் மாட்டுக் கொட்டகை. ரப்பர் விலை பாதாளத்துக்கு விழுந்து, தோட்டத்து ஜனங்கள் கப்பல் கப்பலாக இந்தியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. பால் வாங்கியவர்கள் பலர் டின் பாலுக்கு மாறிவிட்டார்கள். வீட்டையும் மாடுகளையும் விற்றுவிட்டு, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் பால்குடங்களுக்குப் பால் ஊற்றிய கையோடு கப்பல் ஏறிவிட வேண்டும் என்று அண்ணன் வைரவன் நின்றார். செத்தாலும் இந்த மண்ணில்தான் என்றார் தம்பி செல்லையா. மாதக்கணக்கில் சண்டை. கடைசியில் பொங்கல் பானையிடம் விட்டுவிடுவது என்று முடிவாயிற்று.

பொங்கலன்று பால் எந்தப் பக்கம் முதலில் வழிகிறது என்று பார்ப்பது நம் வீடுகளில் உள்ளதுதான். இவர்கள் அதைக் கோர்ட்டாகவே ஆக்கிவிட்டார்கள். கிழக்கே வழிந்தால் வீடு நிற்கும். மேற்கே வழிந்தால் வீடும் மாடும் விலைக்கு, எல்லோரும் கப்பலுக்கு.

பால்காரர்களுக்குப் பாலின் குணத்தைச் சொல்லித்தர வேண்டுமா? தை பிறக்கும் முன்பே அண்ணன் அடுப்பின் கிழக்குச் செங்கலுக்கு அடியில் ஓட்டாஞ்சில்லைச் செருகிவிட்டார், பால் மேற்கே சாயட்டும் என்று. தம்பி அதைக் கண்டுபிடித்து மேற்குச் செங்கலுக்கு அடியில் இரண்டு சில்லு வைத்தார். இவர் மூன்று, அவர் நாலு, இவர் ஐந்து. இத்தனைக்கும் அது வைரவனின் மனைவி அஞ்சலையக்கா அன்றாடம் சோறு பொங்குகிற அடுப்பு. ஒருநாள் குழம்புச் சட்டி கொதிக்கக் கொதிக்க அடுப்பைவிட்டு நழுவி இறங்கியே விட்டது. அதன்பிறகுதான், இரு தரப்புக்கும் பொதுவாக ஓர் ஆளை வைத்து அடுப்பைச் சமமாக்குவது என்று எங்களிடம் வந்தார்கள். காண்டிராக்டர் சிரித்துவிட்டு அனுப்பிவிடப் பார்த்தார். அந்தோணிசாமியின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "இதுக்குத்தான்டா மட்டம்னு ஒண்ணு இருக்கு" என்றார்.

போகியன்று போனோம். அடுப்பு பின்பக்கத் தாழ்வாரத்தில் இருந்தது. சூரியன் தெரிகிற கிழக்குப் பார்த்த இடம். பலகைத் தரைமேல் மண் நிரப்பிய பெட்டி, அதன்மேல் செங்கல். அண்ணன் மேற்கே நின்றார், தம்பி கிழக்கே நின்றார். அந்தோணிசாமி முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"வடக்கேயோ தெற்கேயோ வழிஞ்சா என்ன தீர்ப்பு?"

இருவரும் முழித்தார்கள். வடக்கே மாட்டுக் கொட்டகை. தெற்கே, தவுக்கே என்று நாங்கள் அழைக்கும் சீன முதலாளி ஒருவரின் கீரைத் தோட்டம். "மாட்டுப் பக்கம்னா இங்கேயே இருக்கிறது. கீரைப் பக்கம்னா... கீரைப் பக்கம் வழியாது லா" என்றார் செல்லையா. வேலிக்கு அந்தப்புறம் கீரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தவுக்கேயும் வந்து நின்றுவிட்டார்.

அந்தோணிசாமி செங்கல்லைத் துடைத்து மட்டத்தை வைத்தார். குமிழி கிழக்கே ஓடியது. "பாத்தியா! என் பக்கம் வருது!" என்று செல்லையா குதித்தார்.

"குதிக்காதே தம்பி. அவரு போற பக்கம் மேடு. பாலு எதிர்ப் பக்கம்தான் போகும்."

செல்லையாவின் முகம் தொங்கிப்போயிற்று. இப்போது வைரவனுக்குச் சிரிப்பு. உடனே செல்லையா மட்டத்தின்மேலேயே பாய்ந்தார். "இது எங்கே செஞ்சது? வெள்ளைக்காரன் ஊர்ல. வெள்ளைக்காரன் ஊர் எங்கே இருக்கு? மேற்கே. அது மேற்குக்குத்தான் சாதகமாப் பேசும்!"

வேறொருவராக இருந்தால் சாமானைச் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டியிருப்பார். அந்தோணிசாமி பொறுமையாக மட்டத்தைத் திருப்பி வைத்தார். குமிழி மறுபடியும் கிழக்கே ஓடியது. "பாத்துக்க. தலையும் வாலும் மாத்தி வெச்சும் அதே பக்கம்தான் போறாரு. இவரு யாருக்கும் மாமன் மச்சான் இல்லை."

சில்லுகளையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுச் செங்கல்லைச் சமமாக்கினோம். முடிந்ததா? பானையை ஏற்றினால் பானையின் வாய் கோணல். மண்பானை எது நேராக இருந்தது? வாய்க்குக் குறுக்கே சட்டம் போட்டு, அதன்மேல் மட்டம் வைத்து, விளிம்பை அரத்தால் ராவினேன். பொங்கல் பானையை அரத்தால் ராவிய மேஸ்திரி இந்தத் தீவில் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். அடுத்து நெருப்பு. விறகு வைக்கிற பக்கம்தான் பால் முந்தும் என்று செல்லையா சொன்னார், அது உண்மையும்கூட. ஆகவே அடுப்புக்குக் கிழக்கே ஒரு வாய், மேற்கே ஒரு வாய். ஒரே கட்டையைப் பிளந்து இரண்டு பக்கமும் சரிபாதி விறகு. ஊதாங்குழலுக்குத் தடை. காற்றை மறைக்கச் சுற்றிலும் சாக்குப் படுதா.

இவ்வளவும் ஆனபிறகு, மேற்கே உட்கார்ந்திருந்த வைரவன் வெற்றிலை துப்ப எழுந்து நகர்ந்தார். குமிழியும் நகர்ந்தது. சேற்றில் நிற்கிற வீடல்லவா! ஆள் மிதிக்கிற பக்கம் பலகைத் தரை துளி இறங்கியது. வைரவன் ஒல்லி, செல்லையா கனத்த ஆள். அந்தோணிசாமி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, "ஆளுங்களையும் மட்டம் பண்ணிடலாம்" என்றார்.

அஞ்சலையக்கா எனக்கு மோர் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். அதுவரை வாயே திறக்காத மனுஷி. தவிட்டுத் தொட்டிக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்தபடியே இருந்தார்.

"ஏன் தம்பி, அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கறதுதான் என் வீட்டை வெக்கறதா விக்கறதான்னு சொல்லப்போவுதா?"

"அது சொல்லாதுக்கா. பாலுதான் சொல்லும்."

"என் மாடுங்க எவன் கைக்குப் போவும்னும் பாலே சொல்லிடுமா? கறிக்குக் கேட்டு ஒருத்தன் வந்துட்டுப் போயிட்டான்."

கன்று ஈனும்போதெல்லாம் கொட்டகையில் படுத்துப் பார்த்துக்கொண்டவர் அவர்தான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக் கேட்டிருந்தேன். நான் பதில் சொல்லுமுன், அந்தோணிசாமி அந்தப் பக்கத்திலிருந்து கூவினார்: "அம்மா, நீங்க கொஞ்சம் மேற்கால தள்ளி நில்லுங்க. அந்தப் பக்கம் கனம் பத்தலை."

அக்கா மேற்கே தள்ளி நின்றார்.

பொங்கலன்று விடியும்போதே கூட்டம் கூடிவிட்டது. பால் வாங்குகிறவர்கள், மாட்டுத் தீவனம் விற்பவர், கீரைத் தோட்டத்துத் தவுக்கே எல்லோரும் வந்திருந்தார்கள். அந்தோணிசாமி கறுப்புக் கோட்டில் வந்தார். அடுப்புப் பெட்டியின் ஓரத்தில் ரசமட்டத்தை வைத்துவிட்டு, குமிழியைப் பார்த்துப் பார்த்து ஆட்களை நிறுத்தினார். "தீவனக்காரர் ரெண்டடி கிழக்கே. தவுக்கே, நீங்க அங்கேயே. செல்லையா, மூச்சை இழுத்துப் பிடி. அஞ்சலையம்மா, அசையாம நில்லுங்க, நீங்க அசைஞ்சா மொத்தமும் போச்சு." புதுப்புடவை கட்டிக்கொண்டு, கையில் அரிசிச் சுளகோடு, அக்கா தன் வீட்டு அடுப்பிலிருந்து தள்ளி, கனத்துக்காக நின்றுகொண்டிருந்தார். யாரோ இருமினார்கள், பத்துப் பேர் திரும்பி முறைத்தார்கள்.

அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு வாயில் ஒரே நேரத்தில் தீ மூட்டினார்கள். பால் காய்ந்தது. ஆடை சுருங்கியது. நுரை விளிம்புக்கு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் அப்படி ஒரு காட்சியைக் கண்டதே இல்லை. நுரை எந்தப் பக்கமும் சாயவில்லை. பானைக்கு மேலே வெள்ளைத் தலைப்பாகை கட்டியதுபோல் உயர்ந்தது, இன்னும் உயர்ந்தது, அப்படியே நின்றது. பிறகு சுற்றிலும் ஒரே நேரத்தில் தடதடவென்று வழிந்து, இரண்டு வாயிலும் நெருப்பை அணைத்துவிட்டது.

"என் பக்கம்தான் முதல்ல!" என்றார் செல்லையா.

"பொய்! மேற்கால வந்தப்புறம்தான் அங்கே வந்துச்சு!" என்றார் வைரவன்.

இருவரும் அந்தோணிசாமியின் கோட்டைப் பிடித்துக்கொண்டார்கள். "ஐயா, நீங்க சொல்லுங்க! எந்தப் பக்கம்?"

அந்தோணிசாமியின் கண்ணில் நீர் நின்றது. "நான் பாலைப் பாக்கலையே" என்றார். "அவரைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு மயிரிழை அசையலைடா மாணிக்கம், கடைசி வரைக்கும் நடுவுலயே உக்காந்திருந்தாரு."

என்னிடம் திரும்பினார்கள். நுரை வழியத் தொடங்கிய நொடியில் நான் அந்தோணிசாமியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தவுக்கே, நாலு பக்கமும் என்று கையால் வட்டம் போட்டுக் காட்டினார். மற்றவர்கள் ஆளுக்கொரு திசை சொன்னார்கள். "இன்னொரு தடவை காய்ச்சு. பாலுக்கா பஞ்சம்?" என்றார் வைரவன். சரி என்றார் செல்லையா. அதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை. ஆட்களை மறுபடி நிறுத்த அந்தோணிசாமி கையைத் தூக்கினார்.

"பால் பொங்கிருச்சு" என்றார் அஞ்சலையக்கா.

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"பால் பொங்கி வழிஞ்சு நெருப்பும் அவிஞ்சுபோச்சு. இத்தனை பேர் நிக்கறீங்க. ‘பொங்கலோ பொங்கல்’னு ஒரு வாய் சொல்லலியே?"

சொல்லவே இல்லை, அத்தனை பேரும் திசை பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அக்கா சுளகைக் கீழே வைத்தார். நின்ற இடத்தைவிட்டு அடுப்புக்கு வந்தார். தரை ஒரு பக்கம் இறங்கியது, அந்தோணிசாமி ‘ஐயோ’ என்றார். அக்கா ஓரத்தில் கிடந்த கந்தல் துணியை எடுத்தார்.

"இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து நான்தான் பொங்கல் வெக்கிறேன். ஒரு வருசம் கிழக்கே வழிஞ்சுது. ஒரு வருசம் மேற்கே வழிஞ்சுது. மாட்டுப் பக்கமும் வழிஞ்சிருக்கு, கீரைப் பக்கமும் வழிஞ்சிருக்கு. எந்தப் பக்கம் வழிஞ்சாலும் தரையைத் துடைச்சது நான். எவனாவது என்கிட்ட வந்து கேட்டீங்களா?"

"இல்லே, அஞ்சலை... அப்ப கப்பலு..." என்று இழுத்தார் வைரவன்.

"ஏறணும்னா நீங்க ஏறுங்க. நான் வரலை. மாடு கத்துது, தண்ணி காட்டணும்."

துணியை வைரவன் காலடியில் போட்டுவிட்டு அக்கா கொட்டகைக்குப் போனார். போகும்போது, "பொங்கலோ பொங்கல்" என்று தனியாக, உரக்கச் சொல்லிக்கொண்டே போனார்.

கூட்டம் மெல்லக் கலைந்தது. அந்தோணிசாமி மட்டத்தைத் துணியில் சுற்றிக் கோட்டுக்குள் வைத்தார். வைரவன் கொஞ்சநேரம் அந்தக் கந்தலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அப்படியே குந்தி உட்கார்ந்து, கந்தலை ஒதுக்கிவிட்டு, தோளில் இருந்த புதுத் துண்டை உருவித் தரையைத் துடைக்கத் தொடங்கினார்.